வீட்டு சர்வரில் மென்பொருள் களஞ்சியம்: கேள்வி பதில்

கோவையில் என் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினி, வீட்டிலுள்ள கணினிகளுக்கெல்லாம் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் தொகுப்புகளை, அதாவது நிறுவத் தயாரான மென்பொருள் கோப்புகளை, வழங்கி வருகிறது. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

திருப்பூர் அன்பர்: எங்கள் பின்னலாடை அலுவலகத்தில் எட்டுக் கணினிகள் டெபியனில் ஓடுகின்றன. இணையத்திலுள்ள டெபியன் தொகுப்புக் களஞ்சியம் முழுவதையும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். 2023 ஜூனில் வெளியான டெபியன் 12-இல் 64,419 தொகுப்புகள் இருந்தன. ஓர் அலுவலகத்துக்கு அவற்றில் சிறு பங்குதான் தேவைப்படும். ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற சேமிப்பு நிரல் போதும். முதல் கணினி கேட்கும் தொகுப்பை இணையத்திலிருந்து இறக்கித் தன் வட்டில் வைத்துக்கொண்டு, மற்ற ஏழுக்கும் அதையே எடுத்துக் கொடுத்துவிடும். ஒவ்வொரு கணினியிலும், தொகுப்புகளை நிறுவும் ஆப்ட் என்ற கருவியின் அமைப்புக் கோப்பில் சர்வரின் முகவரியையும் 3142 என்ற போர்ட்டையும் ப்ராக்ஸியாக (இடையில் நின்று கோப்புகளை வாங்கித் தரும் சர்வராக) குறிப்பிட்டால் வேலை முடிந்தது. களஞ்சிய முகவரிகள் மட்டும் எச்டிடிபியாக இருக்கட்டும். மறையாக்கம் செய்யும் எச்டிடிபிஎஸ் வழியே வருவதை அது பிரித்துப் பார்க்கவோ சேமிக்கவோ இயலாது.

ஈரோடு அன்பர்: எச்டிடிபியில் வாங்கினால் இடையில் யாரேனும் மாற்றிவிட மாட்டார்களா?

மாற்றலாம், ஆனால் மாற்றியதை ஆப்ட் ஏற்காது. களஞ்சியத்தின் தலைமைக் கோப்பான இன்ரிலீஸில் டெபியனின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. தொகுப்புப் பட்டியலின் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) அந்தக் கோப்பிலும், ஒவ்வொரு தொகுப்பின் ஹாஷ் அந்தப் பட்டியலிலும் பதிவாகியிருப்பதால், ஒரே ஒரு பைட் மாறினாலும் சங்கிலி அறுந்துவிடும். நீங்கள் எதை இறக்குகிறீர்கள் என்பதை வழியில் இருப்பவர் பார்க்கலாம் என்பது மட்டுமே இழப்பு.

கோபி அன்பர்: நானே உருவாக்கிய டெப் கோப்புகளையும் (டெபியன் தொகுப்புகளையும்) வழங்க வேண்டும். எப்படி?

அதற்குக் களஞ்சியத்தை அமைக்கும் ரெப்ரெப்ரோவும், அதை வலை வழியே வழங்கும் என்ஜின்எக்ஸும் போதும். கையொப்பச் சாவியை உருவாக்கி, அதன் எண்ணை ரெப்ரெப்ரோவின் அமைப்புக் கோப்பில் குறிப்பிட்டு, பொதுச்சாவியை மட்டும் மற்றக் கணினிகளுக்குக் கொடுத்து, களஞ்சிய வரியில் 'சைன்டு-பை' என்று அதைச் சுட்டுங்கள். பலர் அலுப்புப்பட்டு 'டிரஸ்டட்=யெஸ்' (கையொப்பம் பார்க்காமல் நம்பு) என்று எழுதிவிடுகிறார்கள்; மேலே சொன்ன சங்கிலியைத் தாமே அறுத்துக்கொள்ளும் செயல் அது. ரெப்ரெப்ரோவின் அமைப்பும் தரவுத்தளமும் உள்ள கான்ஃப், டிபி ஆகிய கோப்புறைகள் வெளியே தெரியாதபடி என்ஜின்எக்ஸில் தடுத்துவிடுங்கள். ஒரு டெப் கோப்பைத் திருத்தினால், திருத்தம் ஓர் எழுத்தே ஆனாலும், பதிப்பு எண்ணை உயர்த்துங்கள். அதே எண்ணில் வேறு உள்ளடக்கம் வந்தால் ரெப்ரெப்ரோ மறுத்துவிடும்.

பொள்ளாச்சி அன்பர்: எங்கள் பக்கம் அடிக்கடி மின்சாரம் போகிறது. சர்வர் தாங்குமா?

தாங்கும், ஆனால் இரண்டு இடங்களில் தடுக்கி விழும். எங்கள் பகுதியில் மின்பராமரிப்பு நாளன்று காலை 9 மணிக்குப் போகும் மின்சாரம் மாலையில்தான் திரும்பும். அப்படி ஒரு நாள் மின்சாரம் வந்தபோது என் யூஎஸ்பி வட்டு இணைப்புப் பெறவில்லை. சேமிப்பு நிரலோ அதே பெயருள்ள வெற்றுக் கோப்புறை மெமரி கார்டில் இருப்பதைக் கண்டு அதிலேயே எழுதத் தொடங்கி, மூன்றாம் நாள் கார்டை நிரப்பிவிட்டது. நிரல்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியின் சேவைக் கோப்பில் 'ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்' என்ற ஒரு வரியைச் சேர்த்த பிறகு, வட்டு வராமல் அந்த நிரல் எழுவதில்லை.

இரண்டாவது சிக்கல் கடிகாரம். பை 4-இல் பேட்டரிக் கடிகாரம் இல்லை. இணையம் வந்து நேரம் சரியாகும்வரை அது மின்சாரம் போன நேரத்தை ஒட்டியே நிற்பதால், பை 4-இலேயே ஆப்ட் அப்டேட் (தொகுப்புப் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளை) கொடுத்தால் 'இந்த ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று வரும். கோப்பில் பழுது ஏதும் இல்லை. நேரம் சரியானதும் மறுபடி கொடுங்கள்.

நாமக்கல் அன்பர்: மடிக்கணினியை வெளியூர் கொண்டுபோனால் ஆப்ட் நின்றுவிடுகிறதே?

எழுதிவைத்த ப்ராக்ஸி வரியை நீக்கிவிட்டு, ஆட்டோ-ஆப்ட்-ப்ராக்ஸி என்ற தொகுப்பை நிறுவுங்கள். அருகில் சேமிப்பு சர்வர் இருந்தால் அதை நாடும். இல்லையென்றால் நேரே இணையத்துக்குப் போய்விடும்.