குரு விட்டுச் சென்ற பணியைச் சரியாகத் தொடர்ந்த சீடர் என்று யாரைச் சொல்வீர்கள்?

இந்தக் கேள்விக்கு விவேகானந்தர், ராமானுஜர் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். நான் லால்குடிப் பக்கத்துக்காரன். அதனால் ஊர்ப்பாசத்தோடு மணக்கால் நம்பியைச் சொல்கிறேன். மணக்கால் எங்களுக்குப் பக்கத்து ஊர். நம்பியின் இயற்பெயர் ராமமிச்ரர்.

வைணவ ஆசாரியர்களின் வரலாறான குருபரம்பரை சொல்வது இதுதான். காட்டுமன்னார்கோயில் நாதமுனிகள் ஆழ்வார்களின் 4000 பாசுரங்களை மீட்டுத் தொகுத்தவர். அவருடைய சீடர்களில் குருகைக்காவலப்பன் யோகத்தை, அதாவது தியான வித்தையை, கேட்டு வாங்கிக்கொண்டார். திருவெள்ளறை உய்யக்கொண்டாரோ, "பிணம் கிடக்கும்போது கல்யாணம் பேசலாமா?" என்று யோகத்தை மறுத்துவிட்டார். ஊர் உலகம் தவித்துக் கிடக்கையில் தனக்கு மட்டும் ஆனந்தம் எதற்கு என்ற கேள்வி அது. அவரிடம் நாதமுனிகள் ஒரு வேலையை ஒப்படைத்தார்: தனக்குப் பிறக்கப்போகும் பேரனுக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டும். உய்யக்கொண்டார் காலத்தில் அது கைகூடவில்லை. வேலை அவருடைய சீடர் மணக்கால் நம்பியிடம் வந்தது. அவர் நாதமுனிகளிடம் பாடம் கேட்டவர்கூட இல்லை.

அந்தப் பேரன்தான் ஆளவந்தார். வாதத்தில் ஜெயித்து, பாதி ராஜ்ஜியம் பெற்று, அரசராக உட்கார்ந்திருந்தார். வாசலில் காவல். நம்பியால் கிட்டவே நெருங்க முடியவில்லை. சரி என்று மடப்பள்ளிப் பக்கம் போனார். ஆளவந்தாருக்குத் தூதுவளைக் கீரை பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு, தினமும் பறித்துச் சமையற்காரரிடம் கொடுத்தார். 6 மாதம்!

தூதுவளை பறித்தவர்களுக்குத் தெரியும். தண்டில் முள், இலைக்கு அடியிலும் வளைந்த முள். சளிக்கு ரசம் வைக்க ஒரு கைப்பிடி பறிப்பதற்குள் விரலெல்லாம் கீறிவிடும். ராஜாவின் இலைக்குத் தினமும் கீரை போக வேண்டுமென்றால் யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் சில நாள் கீரையை நிறுத்திவிட்டார். (பக்தியோடு கொஞ்சம் சாமர்த்தியமும் வேண்டும்தானே?) ஆளவந்தார் விசாரித்து, ஆளை வரவழைத்து, என்ன வேண்டும், பொருளா நிலமா என்று கேட்டார். எதுவும் வேண்டாம், உங்கள் பாட்டனார் வைத்த நிதி என்னிடம் இருக்கிறது, அதைக் கொடுக்கத் தடையில்லாமல் வந்துபோக விட்டால் போதும் என்றார் நம்பி. கீதையைச் சொல்லிக் கொடுத்தார். கடைசியில் ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப்போய்ப் பெரிய பெருமாளை (அரங்கநாதரை) காட்டி, இதுதான் அந்த நிதி என்றார். ஆளவந்தார் அரசை விட்டுத் துறவியானார்.

நம்பி பெரிய நூல் எதுவும் எழுதிப் பேர் வாங்கியவர் இல்லை. அடுத்த ஆளைத் தேடிப்போய்ப் பிடித்தார், அவ்வளவுதான். என் கணக்கில் அதுதான் பெரிய வேலை.

யோகம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆளவந்தாருக்கு அதைச் சொல்லித்தருவதாகக் காவலப்பன் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்திருந்தார். ஆளவந்தாரோ கோயிலில் பாசுரம் பாடும் அரையர் பாடியதில் உருகி, திருவனந்தபுரம் கிளம்பிப் போய்விட்டார். அங்கே நினைவு வந்தபோது, அன்றைக்குத்தான் அந்த நாள். யோகம் காவலப்பனோடு போயிற்று. பிற்காலத்தில் ராமானுஜருக்குப் போய்ச் சேர வேண்டியதை ஆளவந்தார் ஒரே ஆளிடம் வைக்காமல், பெரிய நம்பி, திருக்கோஷ்டியூர் நம்பி என்று 5 சீடர்களிடம் பிரித்துக் கொடுத்ததற்கு அந்த அனுபவம்தான் காரணமோ என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு.