அரை டன் காருக்கு எந்த டயர்?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இங்கிலாந்து வந்து இரண்டு வருடம் ஆகவில்லை. இந்திய லைசென்ஸில் முதல் 12 மாதம் ஓட்டிவிட்டு, இப்போதுதான் இந்த ஊர் டெஸ்டில் பாஸ். அதற்குள் பழைய வெஸ்ட்ஃபீல்ட் கிட் கார் (பாகங்களாக வாங்கிக் கோக்கிற கார்) ஒன்று வாங்கி, மே மாதம் பிராண்ட்ஸ் ஹாட்ச் பந்தயத் தளத்தில் முதல் டிராக் டேக்கு, அதாவது சொந்தக் காரை அங்கே ஓட்டிப் பார்க்கிற நாளுக்கு, பணமும் கட்டியாயிற்று. ஆபீஸில் ஒருவர் ஸ்லிக் (வரியே இல்லாத பந்தய டயர்) போடச் சொல்கிறார். இன்னொருவர் தன் ஹாட்ச்பேக்கில் இருக்கிற டயரைவிட ஒட்டுகிற டயரே கிடையாது என்கிறார். எதை வாங்குவது?

நான் வந்து இருபத்திரண்டு வருடம். அதில் பதினோரு வருடமாக உங்களுடையதைப் போலவே பழைய லோட்டஸ் செவன் சாயலில் செய்த, லேசான செவன் வகைக் கார் ஒன்று என்னிடம் இருக்கிறது. வீட்டில் அதற்குப் பெயர் ‘கூரையில்லாத செலவு’. அந்தச் செலவில் டயருக்குப் போன பங்கைப் பற்றி எனக்கு நன்றாகவே தெரியும்.

முதல் டிராக் டேக்கு எதுவும் வாங்காதீர்கள். காரில் இருக்கிற டயரோடு போங்கள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பாருங்கள், அதன் வயது. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2214 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் செய்தது. கிட் கார்களில் இது அடிக்கடி நடக்கும்: வருடத்துக்கு ஆயிரம் மைல்கூட ஓடாததால் பட்டன் (தரையைத் தொடும் வரிப்பள்ளம்) புதுசு மாதிரியே நிற்கும், ரப்பர் மட்டும் காய்ந்து கல்லாகியிருக்கும். விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம்கூட உள்வாங்கவில்லை என்றால், சரி, அப்போது வாங்க வேண்டியதுதான்.

வாங்குவது என்று ஆனால், ஹாட்ச்பேக் நண்பரின் பேச்சை முதலில் ஒதுக்கிவையுங்கள். அவர் பொய் சொல்லவில்லை. அவர் காருக்கு அது உண்மை. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் வண்டி பெட்ரோலோடு 560, 570 கிலோ இருக்கும். நீங்கள் ஏறி உட்கார்ந்தால் 640. ஒரு டயரின் தலையில் 160 கிலோ. அவருடைய கார் ஆளோடு 1400 என்றால் ஒரு டயருக்கு 350. பந்தய ரப்பர் சூடானால்தான் ஒட்டும், பெரும்பாலும் 70, 80 டிகிரிக்கு வந்தால்தான் வேலை செய்யும். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? டயர் நசுங்கி விரிவதிலிருந்தும், தரையில் லேசாக வழுக்குவதிலிருந்தும். பாதி எடைகூட இல்லாத காரில் டயர் நசுங்குவதும் குறைவு, சூடாவதும் குறைவு.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். என் முதல் ‘நல்ல’ டயரை இப்படித்தான், ஒரு கனமான காரின் சொந்தக்காரர் புகழ்ந்ததைக் கேட்டு வாங்கினேன். பக்கச்சுவர் பலகை மாதிரி விறைப்பு. அக்டோபர் மாதம், ஸ்னெட்டர்டன் டிராக். வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் ஒரு கணம் யோசித்துவிட்டு நேரே போகும். ஐந்து லேப் (சுற்று) முடித்துப் பிட்டுக்கு, அதாவது டிராக் ஓரம் காரை நிறுத்தும் இடத்துக்கு, வந்து டயரில் உள்ளங்கையை வைத்தேன். குளித்து நேரமான வெந்நீர் வாளி அளவுக்குக்கூடச் சூடு இல்லை. பக்கத்தில் நின்றிருந்த வயதான செவன்காரர் ஒருவர் தன் டயரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கையை வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். அவருடைய டயர் என்னுடையதைவிட விலை குறைந்தது. அந்த நாலையும் பிறகு 1300 கிலோ கார் வைத்திருந்த ஒருவருக்கு விற்றேன். அவர் இன்றுவரை நன்றி சொல்கிறார்.

ஆகவே எவ்வளவு ஒட்டும் என்று கேட்பதற்கு முன், ‘என் எடையில் இது சூடாகுமா?’ என்று கேளுங்கள். பக்கச்சுவரில் அளவுக்குப் பக்கத்தில் லோடு இண்டெக்ஸ் இருக்கும். 82 என்றால் அந்த ஒரு டயர் 475 கிலோ தாங்கும். உங்களுக்கு வேண்டியது அதில் மூன்றில் ஒரு பங்கு. உங்கள் அளவில் கிடைப்பதற்குள் இந்த எண் குறைவாகவும் பக்கச்சுவர் மென்மையாகவும் உள்ளதைப் பாருங்கள். டிரெட்வேர் எண்ணும் (எவ்வளவு தேய்மானம் தாங்கும் என்பது) உதவும், 200ஐவிட 100 மென்மையான ரப்பர். ஆனால் அந்த எண்ணைப் போடுவது தயாரிப்பாளரே, அதனால் ஒரு கம்பெனியின் 100ஐ இன்னொரு கம்பெனியின் 100ஓடு வைத்துச் சண்டை போடாதீர்கள்.

இனி பெயர்கள். உங்களிடம் இருப்பது 13 அங்குலச் சக்கரம் என்றால் தேர்வு அதிகம் இல்லை. இங்கே புதுக் கார்கள் பெரும்பாலும் அந்த அளவை எப்போதோ கைவிட்டுவிட்டன. ஒரு காலத்தில் நம் ஆட்களுக்கு ஏவான் ஒன்றே போதும் என்றிருந்தது. கேட்டரம் என்கிற செவன் வகைக் கார்களுக்கென்றே சிஆர்500 என்று ஒரு டயர் செய்தார்கள். அந்த மெல்க்‌ஷம் தொழிற்சாலை 2023 கடைசியில் மூடப்பட்டது. மிச்சம் இருக்கிற ஏவான் எங்காவது கண்ணில் பட்டால் வாங்குமுன் அந்த நாலு இலக்கத்தைப் பாருங்கள். தைவானின் நான்காங் என்எஸ்-2ஆர் தொடங்குகிறவருக்கு நல்ல டயர், சாலையிலும் பயப்படாமல் ஓட்டலாம். அதிலேயே 180, 120 என்று இரண்டு டிரெட்வேர் உண்டு. நம் எடைக்கு 120. அதே கம்பெனியின் ஏஆர்-1, டோயோ ஆர்888ஆர், யோகோஹாமா ஏ048 மூன்றும் அடுத்த படி. ஏ048ஐ வாங்கினால் காம்பவுண்டை (ரப்பர் கலவையை) கேட்டு வாங்குங்கள். ஒரே பெயரில் மென்மையானதும் கடினமானதும் வருகின்றன, கடினமானது கனமான கார்களுக்கு. பெயரைக் கேட்டுவிட்டுக் காம்பவுண்டைக் கேட்காமல் வாங்குவது, செருப்புக் கடையில் அளவைச் சொல்லாமல் வாங்குகிற மாதிரி.

இதில் எதை என்று என்னைக் கேட்டால், உங்கள் முதல் வருடத்துக்கு என்எஸ்-2ஆர் 120. காரணம் கிரிப் குறைவு என்பதுதான்! டயர் ஒட்டும் எல்லை கொஞ்சம் கீழே இருந்தால், அந்த எல்லையைக் குறைந்த வேகத்திலேயே தொட்டுப் பார்க்கலாம். விலகும்போது முனகி, ‘இதோ போகப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போகும். ஒட்டும் டயர் மௌனமாகத் தாங்கும், தாங்கும், பிறகு எச்சரிக்காமல் கையை விடும். இன்னொன்றும் உண்டு. கிரிப் கூடினால் வளைவில் எஞ்சின் ஆயிலும் ஒரு பக்கமாக ஒதுங்கி ஏறும். ஆயில் எஞ்சினின் அடித்தட்டிலேயே தேங்கும் வெட் சம்ப் எஞ்சினாக இருந்தால் ஸ்னெட்டர்டனில் கோரம் மாதிரி நீண்ட வளைவில் பம்பு காற்றைக் குடிக்கும், பேரிங் போகும். டயரை மாற்றுகிற அன்றே ஆயில் பிரஷர் முள்ளைப் பார்க்கும் பழக்கத்தையும் தொடங்குங்கள்.

ஸ்லிக் பற்றி ஒரே வரி: டிரெய்லரில் காரை ஏற்றிப் போகிறவர்களுக்கு. சாலையில் ஓட்டக்கூடாது என்று அந்த டயரின் மேலேயே அச்சடித்திருக்கும்.

இப்போது காற்று. டயருக்குச் செலவழிக்கிற காசைவிட இதில் செலவழிக்கிற கவனம் அதிகம் பலன் தரும். பெட்ரோல் பங்கில் வழக்கமாக அடிக்கிற 30, 32 பிஎஸ்ஐ நமக்கு ஆகாது. அவ்வளவு காற்றில் லேசான காரின் டயர் நடுவில் மட்டும் தரையைத் தொடும். காலையில் குளிர்ந்த நிலையில் 18 வையுங்கள். பக்கச்சுவரும் பட்டனும் சேரும் விளிம்பில், நாலு டயரிலும் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு இழுங்கள். ஐந்தாறு லேப் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். பக்கச்சுவரில் இருக்கும் சின்ன முக்கோணக் குறி வரை சாக்பீஸ் அழிந்திருந்தால் சரி. அதையும் தாண்டி அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, ஒரு பிஎஸ்ஐ ஏற்றுங்கள். விளிம்பில் கோடு அப்படியே இருந்தால் இறக்குங்கள். சூட்டில் அளந்தால் 21, 22 வரும். முக்கியமானது அந்தச் சூட்டு அளவுதான். அளப்பதற்கு நல்ல கேஜ் ஒன்று சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள், பிட்டில் பக்கத்து ஆளிடம் கடன் வாங்கிய கேஜும் உங்களுடையதும் ஒரே எண்ணைக் காட்டாது.

பிராண்ட்ஸில் வலப்பக்க வளைவுகள் கனமானவை. பேடக் ஹில், ட்ரூயிட்ஸ், கடைசியில் கிளியர்வேஸ், எல்லாமே இடது பக்க டயர்களைத்தான் அழுத்தும். மத்தியானம் சூட்டில் அளக்கும்போது இடது முன் டயர் மற்றதைவிட ஒரு பிஎஸ்ஐ கூடக் காட்டினால் பயப்படாதீர்கள். சூட்டிலேயே காற்றை இறக்கிச் சமன் செய்யுங்கள். ஆனால் வீட்டுக்குக் கிளம்புமுன், ஆறிய பிறகு, மறுபடி அடித்துக்கொள்ள வேண்டும். நான் ஒருமுறை மறந்து, எம்25 நெடுஞ்சாலையில் படகு மாதிரி அசைந்துகொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வருவது என்றதும் மழை ஞாபகம் வருகிறது. இங்கே அதை விட்டுவிட்டு டயர் பேச முடியாது. தேங்கிய தண்ணீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு ஒரு பழைய நாசா சூத்திரம் உண்டு, விமான டயர்களை வைத்துக் கண்டது: பிஎஸ்ஐயின் வர்க்கமூலத்தை 10.35ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை மைல். 30 பிஎஸ்ஐக்கு 57 மைல் வரும். நம் 18க்கு 44. பட்டனால் வெளியேற்ற முடியாத அளவுக்குத் தண்ணீர் தேங்கினால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். செமி-ஸ்லிக்கில், அதாவது மேலே சொன்ன ஏஆர்-1 மாதிரி டயர்களில், பட்டனே கொஞ்சம், அதனால் அந்த நிலை சீக்கிரம் வந்துவிடும். நெடுஞ்சாலையில் எல்லோரும் 70இல் போகும்போது, கூரையில்லாத வண்டியில் நனைந்துகொண்டு இடது லேனில் லாரிகளுக்குப் பின்னால் 44க்கும் கீழே வருவது அவமானமாகத்தான் இருக்கும். வாருங்கள். வீடு வந்து சேர்வீர்கள்.

அப்புறம், இது குறிப்பாக உங்களுக்கு. இங்கே டயரின் பட்டன் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், அகலத்தின் நடு முக்கால் பாகத்தில், சுற்று முழுக்க. இல்லாவிட்டால் ஒரு டயருக்கு 2,500 பவுண்டு வரை அபராதமும் லைசென்ஸில் 3 தண்டனைப் புள்ளியும். எனக்கென்றால் புள்ளி ஏறும், தலையில் அடித்துக்கொள்வேன், அவ்வளவுதான். உங்களுக்கு அப்படி இல்லை. டெஸ்ட் பாஸான இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸே ரத்து. புரொவிஷனல், தியரி, பிராக்டிகல் என்று எல்லாம் முதலிலிருந்து. காலையில் 3 மில்லிமீட்டரோடு டிராக்குக்குள் போன இரண்டு டயர் மாலையில் மொட்டையாக வெளியே வந்தால் போதும், போலீஸ் நிறுத்துகிற ஒரே தடவையில் கதை முடிந்துவிடலாம். டிராக்குக்கு உள்ளே இந்தச் சட்டம் இல்லை, கேட்டைத் தாண்டிச் சாலையில் சக்கரம் பட்ட நொடியில் வந்துவிடும். ஆழம் அளக்கும் குச்சி சட்டைப் பையில் அடங்கும், மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அளந்துவிடுங்கள். டயர் மாற்றுவதை இன்சூரன்ஸ்காரரிடமும் சொல்லிவிடுங்கள். சாலை பாலிசி பெரும்பாலும் டிராக் டேக்குச் செல்லாது, அதற்குத் தனியாக ஒரு நாள் பாலிசி கிடைக்கும்.

அன்றைய நாள் எப்படிப் போகும் என்றும் கேட்டிருந்தீர்கள். முதலில் முன்னால் ஒரு காரை விட்டு, எல்லோரையும் வரிசையாக மெதுவாகச் சில சுற்று அழைத்துப் போவார்கள். அதில் டயர் சூடாகாது. அதற்கு அடுத்த இரண்டு சுற்றும் பாதி வேகத்தில்தான் போக வேண்டும். நான் ஒருமுறை சாப்பிட்டுவிட்டு வந்து, காலையில் ஒட்டிய டயர்தானே என்று முதல் வளைவிலேயே அழுத்தினேன். ஒரு மணி நேரம் நின்றதில் ஆறிப்போயிருந்தது. காஸில் கூம் டிராக்கில் குவாரி வளைவில் அரைச் சுற்று சுற்றி, வந்த வழியைப் பார்த்துக்கொண்டு புல்லில் நின்றேன். எதிரே வந்தவர்கள் எல்லாம் கையாட்டிவிட்டுப் போனார்கள். நல்ல மனிதர்கள்.

முடிந்ததும் டயரில் ஒட்டியிருக்கும் ரப்பர் உருண்டைகளைப் பார்த்து டயர் பிய்கிறது என்று நினைக்க வேண்டாம். அது டிராக்கில் மற்றவர்கள் விட்டுப்போனது, சாலையில் ஐந்து மைல் ஓடினால் உதிரும். குளிர்காலம் வந்ததும் டயர்களைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். மென்மையான காம்பவுண்ட் உறைகுளிரில் வெடிப்பு விடும், அதுவும் தோட்டத்துக் கொட்டகையில் ஜனவரி மாதத்தில். என்னுடைய நாலும் நவம்பரிலிருந்து மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கின்றன. விருந்தாளி வந்தால் மேலே ஒரு போர்வை.

சக்கரம் 13ஆ 15ஆ, எஞ்சினில் டிரை சம்ப் (ஆயிலுக்குத் தனித் தொட்டி) இருக்கிறதா, இந்த இரண்டையும் மட்டும் பார்த்து எழுதுங்கள். அளவைச் சொல்கிறேன்.