அவரிடம் கேட்டீர்களா?

வணக்கம். என் அணியில் ஒருவர் மனச்சோர்வுக்காக நீண்ட விடுப்பில் இருந்துவிட்டுத் திரும்பினார். அவருக்குச் சிரமம் வேண்டாம் என்று முக்கியமான பொறுப்புகளை மற்றவர்களுக்கு மாற்றிவிட்டு, எளிய வேலைகளை மட்டும் கொடுத்தேன். இப்போது வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்கிறார். நல்லதை நினைத்துத்தானே செய்தேன்? அலுவலகத்தில் தியான வகுப்பு நடத்தினால் உதவுமா?
எஸ்.

அன்புள்ள எஸ்,

தியான வகுப்பு இருந்தால் இருக்கட்டும், பிடித்தவர்கள் வருவார்கள். உங்கள் சிக்கலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நல்லதை நினைத்துத்தான் செய்தீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லையே! வேலையைப் பிரித்துக் கொடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்காமல் ஒருவரின் பொறுப்பைப் பிடுங்கிவிட்டு அதை அக்கறை என்று சொல்லாதீர்கள்.

நான் அலுவலகத்தில் இருந்த காலத்தில், கூட வேலை பார்த்த ஒருவருக்குக் காது சரியாகக் கேட்காது. உதட்டசைவைப் பார்த்துத்தான் பாதியைப் பிடிப்பார். கூட்டத்தில் நாலு பேர் சேர்ந்து பேசினால் அவர் தலை இங்கும் அங்கும் திரும்பிக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் சிரித்து ஓயும்போதுதான் அவர் சிரிக்கத் தொடங்குவார். என்ன விஷயம் என்று பக்கத்தில் கேட்டால், "ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்" என்பார்கள். சொன்னதே இல்லை. கொஞ்ச நாளில், பாவம் அவருக்கு எதற்குச் சிரமம் என்று கூட்டத்துக்குக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். அதுவும் நல்லெண்ணம்தான். பதவி உயர்வு வந்தபோது, கூட்டங்களில் பங்கெடுப்பதில்லை என்று அவரைத் தள்ளிவிட்டார்கள். எனக்கு இன்னும் அந்தக் கோபம் தீரவில்லை.

பிறகு வந்த மேலாளர் நேராக அவரிடமே போய், என்ன செய்தால் வசதியாக இருக்கும் என்று கேட்டார். பேசப்போவதை முன்னாலேயே எழுதிக் கொடுங்கள், ஒருவர் முடித்தபின் ஒருவர் பேசுங்கள் என்றார். அப்புறம், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டாம் என்றார். பின்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் முகம் இருட்டாகி உதடு தெரிவதில்லையாம். இது எங்களில் எவருக்கும் தோன்றியிருக்காது. நாற்காலிகளை இந்தப் பக்கம் போட்டோம், அவ்வளவுதான். அடுத்த கூட்டத்திலேயே அவர் எங்கள் கணக்கில் இருந்த ஒரு ஓட்டையைச் சுட்டிக்காட்டினார்.

ஐ.நா.வின் 2006ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, அந்தந்த நபருக்குத் தேவையான நியாயமான வசதியை மறுப்பதையே பாகுபாடு என்கிறது. நீண்டகால மனநலக் குறைபாடும் அதில் அடங்கும். மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகில் ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாட்கள் வீணாவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நல்ல வேலை மனநலத்துக்குத் துணை என்று சொல்வதும் அதே நிறுவனம்தான். அந்தத் துணையைத்தான் நீங்கள் அவரிடமிருந்து எடுத்துவிட்டீர்கள், எஸ்.

நாளைக்கே அவரைத் தனியாகப் பாருங்கள். நோயைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ துருவ வேண்டாம். எந்த வேலை திரும்ப வேண்டும், எந்த நேரம் சிரமமாக இருக்கிறது, எதை மெதுவாகத் தொடங்கலாம் என்று கேளுங்கள். அவர் சொல்வது உங்களைத் தாண்டிப் போகக் கூடாது. அதன் பிறகும் மாற்றல்தான் வேண்டும் என்றால் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அவருடைய திறமையைப் பற்றி அந்தப் பிரிவுக்கு நாலு நல்ல வார்த்தையும் எழுதுங்கள்.