உறுப்பினர் கட்டணம்: எவ்வளவு, எப்படி வாங்குவது? கேள்வி பதில்

யாழ்ப்பாணத்திலிருந்து இயங்கும் இணையவழி வாசிப்பு வட்டங்கள், பாடக் குழுக்கள், ஊர்ச் சங்கங்கள் சிலவற்றின் சந்தாக் கணக்கை நான் பார்த்துவருகிறேன். கட்டண உறுப்புரிமை தொடங்க எண்ணுவோர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். எந்த வழியில் பணம் வாங்கினாலும் பொருளாளரின் சொந்த வங்கிக் கணக்கில் வாங்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நல்லூர் வாசகி: அக்கா, எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு மாதச் சந்தா நல்லதா, ஆண்டுச் சந்தா நல்லதா?

இரண்டையும் வையுங்கள். மாதத்துக்கு 600 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 6,000 ரூபாய். அதாவது பத்து மாதக் காசுக்குப் பன்னிரண்டு மாதம். இந்தச் சலுகையால் உங்களுக்கும் மிச்சம் உண்டு. மாதா மாதம் வாங்கினால் ஆண்டுக்குப் பன்னிரண்டு தடவை பற்றுச்சீட்டு எழுத வேண்டும், பன்னிரண்டு தடவை நினைவூட்ட வேண்டும். வங்கி அட்டை காலாவதியாவதற்கும் கணக்கில் மீதி இல்லாமற்போவதற்கும் பன்னிரண்டு வாய்ப்புகள். ஆண்டுச் சந்தாவில் இவை எல்லாம் ஒரே தடவை.

ஆனால் 6,000 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைக்க முடியாத வீடுகள் நம்மிடையே நிறைய இருக்கின்றன. பல்கலைக்கழகப் பிள்ளைகளும் நாட்கூலிக்குப் போகிறவர்களும் உங்கள் வட்டத்தில் இருக்க வேண்டுமென்றால் மாதச் சந்தாவை எடுத்துவிடாதீர்கள். காலாண்டு, அரையாண்டு என்று மேலும் தெரிவுகளை அடுக்கவும் வேண்டாம். தெரிவு கூடினால் சேர வந்தவர் யோசித்துக்கொண்டே போய்விடுவார்.

புதுப்பிக்கும் நாளையும் கவனியுங்கள். கணினி தானாக வசூலிக்கிறது என்றால் அவரவர் சேர்ந்த நாளையே வைத்துக்கொள்ளலாம். கொப்பியில் எழுதும் குழுவென்றால் எல்லோருக்கும் ஒரே மாதமாக வையுங்கள். அந்த ஒரு மாதம் மட்டும் அலைந்தால் போதும். பிள்ளைகளின் பாடசாலைச் செலவும் கோயில் திருவிழாச் செலவும் வரும் மாதத்தைத் தவிருங்கள்.

கோண்டாவில் வாசகர்: இணையவழிப் பணப் பரிமாற்றச் சேவையான பேபால் வழியாகச் சந்தா வாங்க முடியுமா?

இலங்கைக் கணக்கில் முடியாது. இங்கே பேபால் கணக்குத் திறந்து வெளியே பணம் செலுத்தலாம், பெற முடியாது. அட்டைப் பணத்தை இணையவழியில் வாங்கித் தரும் ஸ்ட்ரைப் நிறுவனமும் இலங்கையிலுள்ளவர்களுக்கு நேரடியாகக் கணக்குத் தருவதில்லை. உள்ளூரில் அதே வேலையைச் செய்யும் பேஹியர் போன்ற கட்டண நுழைவாயில்கள் இருக்கின்றன. அட்டையிலிருந்து மாதா மாதம் தானாகக் கழிக்கும் வசதியும் அவற்றில் உண்டு. தொலைபேசியால் குறியீட்டைப் படித்துப் பணம் செலுத்தும் லங்கா கியூஆர் மலிவானது, எளிதானது. ஆனால் ஒவ்வொரு தடவையும் உறுப்பினரே தொலைபேசியை எடுத்துச் செலுத்த வேண்டும், தானாகப் புதுப்பிக்காது. சின்னக் குழுவுக்கு வங்கியின் நிரந்தரக் கட்டளையே போதும். உறுப்பினர் ஒரு தடவை எழுத்தில் கொடுத்துவிட்டால் குறித்த திகதியில் பணம் தானாக மாறும்.

"லண்டனில் இருக்கும் மருமகனின் பேபாலில் வாங்கி அனுப்பலாம்தானே" என்று அடுத்துக் கேட்பீர்கள். அதுவும் தனியாளின் கணக்குத்தான். அவர் வேலை மாறினால், வீட்டில் பிணக்கு வந்தால், அவரது கணக்கு முடக்கப்பட்டால், சங்கத்தின் பணம் அவரோடு போய்விடும்.

மானிப்பாய் வாசகர்: மாதச் சந்தாக்காரர் இடையில் ஆண்டுச் சந்தாவுக்கு மாறினால் எப்படிக் கணக்கிடுவது?

600 ரூபாய் கட்டிப் பத்து நாள் கழிந்திருந்தால் மீதி இருபது நாளின் பெறுமதி 400 ரூபாய். அதை 6,000 இலிருந்து கழித்து 5,600 வாங்குங்கள். மாறிய நாளே புதிய ஆண்டின் முதல் நாள். ஆண்டுச் சந்தாக்காரர் நான்கு மாதத்தில் விலகினால், இருந்த நான்கு மாதத்துக்கு மாத விலைப்படி 2,400 எடுத்துக்கொண்டு 3,600 ஐத் திருப்பிக் கொடுக்கலாம். பணம் வாங்குவதற்கு முன்பே இந்த விதியை எழுதிக் காட்டியிருக்க வேண்டும். பிறகு சொன்னால் சண்டைதான் வரும்.

சாவகச்சேரி வாசகர்: ஆயுட்கால உறுப்புரிமை 25,000 ரூபாய் என்று அறிவிக்க இருக்கிறோம். விலை சரியா?

விலை இருக்கட்டும். அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள். இணையவழிக் குழுவின் செலவு ஒருநாளும் நிற்பதில்லை. சேவையக வாடகை, சூம் கட்டணம், சேமிப்பிடம் என்று பெரும்பாலானவற்றை டொலரில் கட்டுகிறோம். ஆயுட்காலப் பணம் ஒரு தடவை ரூபாயில் வரும். செலவு ஆண்டுதோறும் டொலரில் போகும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் மட்டில் இருந்த டொலர் மே மாதத்தில் 350 ரூபாயைத் தாண்டியது. அந்த மார்ச்சுக்கு முந்தைய மாதம் ஆயுட்காலச் சந்தா வாங்கிய குழுவின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

உரும்பிராய் வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: பிள்ளை, இதை நான் ஏற்கமாட்டேன். எங்கள் சனசமூக நிலையத்தின் கட்டடமே ஆயுட்கால உறுப்பினர்களின் பணத்தில் எழுந்தது.

ஐயா, அது உண்மை, அதை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பணம் கட்டடமாக நின்றது. கல்லும் சீமெந்தும் ஒரு தடவைச் செலவு. அதன்பின் பத்திரிகைக்கும் மின்சாரத்துக்கும் ஊர் மக்கள் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். இணையக் குழுவில் கட்டடம் என்று ஒன்று இல்லை. எல்லாமே மின்சாரப் பட்டியல் மாதிரியான செலவுதான். ஆயுட்காலப் பணத்தை முதல் ஆண்டிலேயே செலவழித்துவிட்டால், ஐந்தாம் ஆண்டில் புதிதாகச் சேர்கிறவர்தான் பழையவர்களின் செலவையும் சுமக்கிறார். அது நியாயமா?

அதே ஆசிரியர்: பணத்தை நிலையான வைப்பில் போட்டு வட்டியை மட்டும் எடுக்கலாமே.

அப்படிச் செய்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். 25,000 ரூபாய்க்கு நூற்றுக்கு எட்டு வட்டி கிடைத்தாலும் ஆண்டுக்கு 2,000 ரூபாய். உங்கள் ஆண்டுச் சந்தா 6,000. அதே வட்டியில் 6,000 கிடைக்க 75,000 ரூபாய் வாங்க வேண்டும். வட்டி இறங்கினால் அதுவும் போதாது. முதலைத் தொடவில்லை என்று ஆண்டுதோறும் கணக்காய்வு செய்து காட்டவும் வேண்டும். இதையெல்லாம் செய்யும் ஒழுங்குள்ள குழு இருந்தால் தாராளமாகச் செய்யட்டும், ஐயா.

பருத்தித்துறை வாசகி: அக்கா, நாங்கள் ஏற்கெனவே 40 பேரிடம் ஆயுட்காலச் சந்தா வாங்கிவிட்டோம். இப்போது என்ன செய்வது?

கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். அந்த 40 பேரிடம் இனி ஒரு சதமும் கேட்கக்கூடாது. "ஆயுட்காலம் என்றால் பத்தாண்டு" என்று புதிய யாப்பு எழுதுவதும் கூடாது. புதிதாகச் சேர்ப்பதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். பிறகு அவர்களிடம் வரவு செலவை மறைக்காமல் வைத்து, "விரும்பினால் ஆண்டு நன்கொடை தாருங்கள்" என்று கேளுங்கள். கணக்கைத் திறந்து காட்டினால் நம் ஆட்கள் கை கொடுப்பார்கள்.

உரும்பிராய் ஆசிரியர்: இதில் மட்டும் உம்மோடு உடன்படுகிறேன். வாக்கு வாக்குத்தான்.

நன்றி ஐயா.

கொக்குவில் வாசகர்: பேபால் பற்றிச் சொல்லுங்கள்.

கோண்டாவில் வாசகருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

ரொறன்ரோ வாசகர்: நான் மாதம் 10 டொலர் கட்டுகிறேன், ஊரில் 600 ரூபாய். ஒரே குழுவில் இரண்டு விலை சரியா?

சரிதான் என்பது என் உறுதியான கருத்து. ஊரில் ஒரு நாட்கூலி எவ்வளவு, கனடாவில் ஒரு மணி நேரக் கூலி எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். ஆனால் "வெளிநாட்டார் விலை" என்று பெயர் வைப்பது பிழை. ஆட்களைப் பிரிக்கிற பெயர் அது. முழுக் கட்டணம், சலுகைக் கட்டணம் என்று வைத்து உறுப்பினரையே தெரிவுசெய்ய விடுங்கள். வெளிநாட்டுக்குப் போய் முதல் ஆண்டில் அகதி விண்ணப்பத்தோடு இருக்கும் பிள்ளைக்கும் சலுகை வேண்டும். கொழும்பில் நல்ல சம்பளம் எடுப்பவர் முழுக் கட்டணம் கட்டலாம். எந்த நாட்டு அட்டை என்று துருவிப் பார்க்க வேண்டியதில்லை. சிலர் ஏமாற்றுவார்கள். அந்த இழப்பு, எல்லோரையும் சந்தேகிப்பதால் வரும் கசப்பைவிடச் சிறியது.

பாரிஸ் வாசகி: உறுப்பினரின் அனுமதியோடு அவரது வங்கிக் கணக்கிலிருந்து சங்கமே பணத்தை எடுக்கும் நேரடிப் பற்று முறையில் வாங்கலாமா?

அங்கே பதிவுசெய்த சங்கமும் அதன் பெயரில் வங்கிக் கணக்கும் இருந்தால் அதுவே மலிவான வழி. ஆனால் செலுத்தியவர் எட்டு வாரத்துக்குள் காரணம் சொல்லாமலே பணத்தைத் திரும்பப் பெறலாம். அதுவரை அந்தப் பணம் முழுவதையும் செலவழித்துவிடாதீர்கள்.

சென்னையில் படிக்கும் யாழ் மாணவர்: என் இந்திய அட்டையிலிருந்து சந்தாவைத் தானாகக் கழிப்பது அடிக்கடி நிராகரிக்கப்படுகிறது.

2021 அக்டோபர் 1 முதல் இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி இப்படித் தானாகக் கழிப்பதற்கு முன்கூட்டியே பதிவும் அறிவித்தலும் வேண்டும். எல்லா வெளிநாட்டு நுழைவாயில்களும் அதற்கு இணங்கி இயங்குவதில்லை. ஆண்டுச் சந்தாவாக ஒரே தடவையில் கட்டிவிடுங்கள், தம்பி.

சுன்னாகம் வாசகர்: எங்கள் ஐபோன் செயலிக்குள்ளேயே சந்தா வாங்கலாமா?

வாங்கலாம். ஆப்பிளின் பொது விதிப்படி ஒவ்வொரு சந்தாக்காரரின் முதல் ஆண்டில் நூற்றுக்கு 30, அடுத்த ஆண்டிலிருந்து 15 அவர்களுக்குப் போகும். ஆண்டு வருமானம் 10 இலட்சம் டொலருக்குக் குறைந்தவர்கள் அவர்களது சிறுதொழில் திட்டத்தில் விண்ணப்பித்தால் தொடக்கத்திலிருந்தே 15.

அச்சுவேலி வாசகர்: இலங்கைத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்துவைக்கும் நூலகம் நிறுவனம் 2005 இலிருந்து எல்லாவற்றையும் இலவசமாகத் தருகிறதே. நீங்கள் ஏன் காசு கேட்கச் சொல்கிறீர்கள்?

அது ஆவணக் காப்பு. எவரும் படிக்கத் திறந்திருக்க வேண்டியது. நன்கொடையும் தன்னார்வலர் உழைப்பும் அதைத் தாங்குகின்றன. உங்கள் குழுவையும் நன்கொடை தாங்குமென்றால் கட்டணமே வேண்டாம். ஆனால் வாராவாரம் ஓர் ஆசிரியரின் நேரத்தைக் கேட்கிறீர்கள் என்றால் அந்த நேரத்துக்குக் கூலி கொடுத்தாக வேண்டும்.

வட்டுக்கோட்டை வாசகர்: பேபாலில் பணம் பெற ஏதாவது குறுக்கு வழி?

இல்லை. குறுக்கு வழி என்று சொல்லப்படுவதெல்லாம் இன்னொருவரின் கணக்கு. மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன்: தனியாளின் கணக்கு வேண்டாம்.

காரைநகர் வாசகி: சந்தாவுக்கு வரி உண்டா?

உங்கள் கணக்காளரையோ உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தையோ கேளுங்கள்.

திருநெல்வேலி வாசகி: முதல் மாதம் இலவசமாகக் கொடுத்து, பிறகு தானாகக் கழிக்கலாமா அக்கா?

கழிக்கலாம். இலவச மாதம் முடிய ஒரு வாரத்துக்கு முன் வட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அறிவியுங்கள். எந்தத் திகதியில், எவ்வளவு கழியும், வேண்டாமென்றால் எங்கே அழுத்தி விலகுவது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். சேர்வதற்கு ஒரு பொத்தான் வைத்தால் விலகுவதற்கும் அதே இடத்தில் ஒரு பொத்தான் வையுங்கள். விலக வழி கிடைக்காதவர் தமது வங்கியிடம் போய்க் கட்டணத்தை மறுப்பார். அந்த 600 ரூபாய் திரும்பிப் போவதோடு தண்டக் கட்டணமும் உங்கள் தலையில் விழும். அப்படி மறுப்புகள் பெருகினால் நுழைவாயில் நிறுவனம் உங்கள் கணக்கையே மூடிவிடலாம்.