வேலையில் அடிபட்டால் பொறுப்பு யார் தலையில்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேட்டவர்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் 17 வருடங்களாக வழக்குப் பேசும் சட்டத்தரணி. விபத்து, நட்டஈடு வழக்குகள்தான் அதிகம். இவற்றில் நீதிபதி முதலில் பார்ப்பது, சம்பவம் நடந்த நேரத்தில் யாருடைய வேலை நடந்துகொண்டிருந்தது என்பதை. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

அக்கா, எங்கள் கடை லொறி ஆமர் வீதியில் ஒருவரை மோதிவிட்டது. "டிரைவர் செய்த பிழைக்கு நான் ஏன் கட்ட வேண்டும், மெதுவாக ஓட்டச் சொல்லித்தானே அனுப்பினேன்" என்கிறார் முதலாளி. அது எடுபடுமா? (கொட்டாஞ்சேனை)

எடுபடாது தம்பி. நம் நாட்டில் இந்த விடயங்களுக்கு, ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த ரோமன் டச்சுச் சட்டம்தான் அடிப்படை. ஆனால் ஊழியரின் தவறுக்கு முதலாளி பொறுப்பேற்பது பற்றி வரும்போது நம் நீதிமன்றங்கள் இங்கிலாந்து வழக்குகளையும் எடுத்துப் பார்க்கும். 1862இல் லண்டனில் குதிரை பஸ் கம்பனி ஒன்றின் மேல் ஒரு வழக்கு. போட்டி பஸ்ஸை மறிக்கக் கூடாது என்று சாரதிகளுக்கு எழுத்திலேயே உத்தரவு கொடுத்திருந்தார்கள். ஒரு சாரதி அதை மீறி மற்ற பஸ்ஸுக்குக் குறுக்கே விட்டார். கம்பனிதான் கட்ட வேண்டி வந்தது. அவர் பிழையாக ஓட்டினாலும் ஓட்டியது கம்பனியின் வேலையாக, கம்பனியின் பயணிகளுக்காக.

லொறி புறக்கோட்டையில் சாமான் ஏற்றிக்கொண்டு மட்டக்குளிக்குப் போகும் வழியில், டிரைவர் தேநீர் குடிக்க ஒரு தெரு சுற்றினாலும் அது பெரும்பாலும் வேலைக்குள்தான் அடங்கும். ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு நீர்கொழும்புக்கு உல்லாசம் போனால் கதை வேறு. விபத்து நடந்த அன்று டிரைவர் எந்தக் கடைக்கு எந்தப் பில்லோடு போனார் என்ற காகிதத்தை இப்போதே பத்திரப்படுத்துங்கள். வண்டியின் மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கும் உடனே அறிவியுங்கள்.

மகள், என் வீட்டுக்காரருக்கு கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு வேலைத்தளத்தில் பிரஸ் மெஷினில் மூன்று விரல் போய்விட்டது. கொன்ட்ராக்காரர் கூட்டிப்போன ஆள் அவர். நியமனக் கடிதம் இல்லை. "மெஷினுக்குள் கை விட்டது அவருடைய கவனக்குறைவு" என்கிறார்கள். கொன்ட்ராக்காரர் போனையும் எடுப்பதில்லை.

அம்மா, இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலில், கவனக்குறைவு என்ற பேச்சைக் கேட்டுப் பயப்படாதீர்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முதலாளியின் பிழையை நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் விபத்து நடந்தது என்பது போதும். குடித்திருந்தார், வேண்டுமென்றே பாதுகாப்பு உத்தரவை மீறினார், பாதுகாப்புக் கவசத்தைத் தெரிந்தே கழற்றினார் என்றால்தான் அவர்கள் தப்பப் பார்க்கலாம். சும்மா அசந்துபோனது அந்தக் கணக்கில் வராது.

இரண்டாவது, கொன்ட்ராக்காரர் ஓடிவிட்டார் என்று வேலைத்தளக்காரர் கைகழுவ முடியாது. தன் தொழிலின் வேலையை இன்னொருவர் மூலம் செய்விப்பவரிடமும் நட்டஈடு கேட்க அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. நியமனக் கடிதம் இல்லாதது தடங்கல்தான், ஆனால் அதோடு முடிந்துபோகாது. போன வருடம் என்னிடம் வந்த ஒருவரிடம் இருந்தது ஒரு கொப்பித் தாள் மட்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளம் கொடுக்கும்போது மேற்பார்வையாளர் நீலப் பேனையால் தொகை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். எண்ணெய்க் கறை படிந்து நான்காக மடிந்திருந்த அந்தத் தாள்தான் அவர் அங்கே வேலை செய்தார் என்பதற்கு ஆதாரமானது. வீட்டில் உடுப்புப் பெட்டி, பேர்ஸ், போன் எல்லாவற்றையும் தேடிப் பாருங்கள்.

மூன்றாவது, 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு இருக்க வேண்டும். அது இல்லையென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் கூடுதலாகக் கேட்டு வழக்குப் போடலாம். ஆனால் அங்கே அவர்களுடைய பிழையை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் வழக்கும் போட வேண்டும். ஒரே காயத்துக்கு இரண்டு பக்கமும் காசு வாங்க முடியாது. எந்த வழி என்று தீர்மானிக்க முன் ஒரு சட்டத்தரணியிடம் காகிதங்களைக் காட்டுங்கள். நாரஹேன்பிட்டியில் தொழில் செயலகத்துக்குப் போய் விசாரிக்கக் காசு தேவையில்லை.

வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் விழுந்து கால் முறிந்தது. இது கணக்கில் வருமா?

வரும். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு வேலைக்குப் போய்வரும் பயண விபத்தும் சேர்ந்திருக்கிறது. வழக்கமான வழியில், வழக்கமான நேரத்தில் போனீர்கள் என்று காட்டுவது முக்கியம்.

தனியார் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் பிழையான சிகிச்சை. "டொக்டர் எங்கள் ஊழியர் இல்லை, வெளியிலிருந்து வருகிறவர்" என்கிறது நிர்வாகம். (வெள்ளவத்தை)

இந்தப் பதில் அவர்களுக்குச் சில நேரம் கைகொடுக்கும், சில நேரம் கொடுக்காது. 1951இல் இங்கிலாந்தில் இரண்டு விரல் மடங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனவர் நான்கு விரலும் விறைத்து வந்தார். ஆஸ்பத்திரியின் முழுநேர டொக்டர், தாதிமார் செய்ததற்கு ஆஸ்பத்திரியே பொறுப்பு என்றார்கள். மறுபக்கம், 2020இல் அங்கேயே ஒரு வங்கி பரிசோதனைக்கு அனுப்பிய தனி டொக்டரின் குற்றத்துக்கு வங்கி பொறுப்பில்லை என்று தீர்ப்பு வந்தது. அவர் தன் சொந்தத் தொழிலைச் செய்தவர்.

ஆனால் இதைவிடக் கடினமானது வேறு. நம் உயர் நீதிமன்றம் 2001இல் கொடுத்த பிரியானி சொய்சா தீர்ப்பைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். அது, குழந்தை ஒன்று இறந்ததற்காகக் குழந்தை வைத்திய நிபுணர் பிரியானி சொய்சாவுக்கு எதிராகப் போட்ட வழக்கு. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் கொடுத்தது, மேன்முறையீட்டில் அது இரண்டரை இலட்சமானது, உயர் நீதிமன்றத்தில் ஒன்றுமில்லாமல் போனது. கவனக்குறைவு இருந்தது, ஆனால் குழந்தை இறந்தது அதனால்தான் என்று நிரூபிக்கப்படவில்லை. அதனால் சொல்கிறேன், முதலில் படுக்கைத் தலைப்புச் சீட்டின் (ஆஸ்பத்திரியில் நோயாளியின் சிகிச்சையை எழுதிவைக்கும் பதிவு) பிரதியைக் கேட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள். பிறகு அந்தத் துறையில் இன்னொரு நிபுணரிடம், அந்தச் சிகிச்சைதான் காரணமா என்று கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் சட்டமா அதிபருக்கு எதிராக, ஒரு மாத முன்னறிவித்தலோடு வழக்குப் போட வேண்டும்.

கடைக் காவலாளி வாடிக்கையாளரை அடித்தால்?

2016இல் இங்கிலாந்தில் பெட்ரோல் நிலைய ஊழியர் ஒருவர் வாடிக்கையாளரை அடித்ததற்குக் கம்பனி பொறுப்பானது. வாடிக்கையாளரோடு பேசுவதே அவர் வேலை, அந்தப் பேச்சிலிருந்துதான் அடி தொடங்கியது. 2020இல் அதே கம்பனியின் இன்னொரு ஊழியர், கம்பனியைப் பழிவாங்க மற்ற ஊழியரின் விவரங்களை வெளியே விட்டார். அதற்குக் கம்பனி பொறுப்பாகவில்லை. உங்கள் காவலாளி வாசலில் பையைச் சோதிக்கும்போது கைநீட்டியிருந்தால் முதல் வழக்கோடு பொருந்தும்.

அதிகாரி ஒருவர் எச்சரிக்கையைக் கண்டுகொள்ளாமல் விட்டால், அவருடைய காசில் கட்ட வைக்கலாமா? (கொச்சிக்கடை)

எங்கிருந்து கேட்கிறீர்கள் என்று பார்த்தேன், குண்டு வெடித்த அந்தோனியார் ஆலயம் இருக்கும் இடம். மனம் கனத்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல் பற்றி உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12இல் அதைத்தான் செய்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய், அப்போதைய பொலிஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவைத் தலைவர் நிலந்த ஜயவர்தனவும் தலா 7½ கோடி, பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி, தேசிய புலனாய்வுத் தலைவர் சிசிர மெண்டிஸ் 1 கோடி, தங்கள் சொந்தப் பணத்தில் கட்டும்படி உத்தரவிட்டது. இது அடிப்படை உரிமை மனு, அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ். ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது.

கடைசியாக ஒன்று அக்கா. வேலையில் இறந்த என் தம்பிக்காக முதலாளி 2 இலட்சம் தந்து, "இனி ஒன்றும் கேட்க மாட்டோம்" என்று முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டார். எல்லாம் முடிந்ததா?

முடியவில்லை. நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் சட்டத்தில் செல்லாது. இறந்தவருக்கான நட்டஈட்டை முதலாளி தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம்தான் வைப்பிலிட வேண்டும், அவர்தான் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுப்பார். அந்தக் காகிதத்தின் போட்டோவும் மரணச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமையே ஆணையாளர் அலுவலகத்துக்குப் போங்கள். தம்பியின் மனைவியையும் கூட்டிப் போங்கள்.