கடிதம்: இன்னொருவர் குடும்பத்துக்குள் நாம் போகலாமா?

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் காசா (CASA) தன்னார்வலராக, அதாவது கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளான குழந்தையின் நலனுக்காக நீதிமன்றத்தில் பேச நீதிபதி நியமிக்கும் தன்னார்வலராக, இருப்பதாகச் சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். நானும் டெக்சஸில்தான் இருக்கிறேன். பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டதால் நேரம் இருக்கிறது. ஆனால் நான் சட்டம் படித்தவள் இல்லை. தாயையும் பிள்ளையையும் பிரிக்கும் பாவம் நமக்கு எதற்கு என்கிறார் என் கணவர். எனக்கும் அந்தத் தயக்கம் உண்டு.

ம., ஆஸ்டின்

அன்புள்ள ம.,

நீதிபதி நம்மை நியமிக்கும்போது, பெரும்பாலும் குழந்தையை ஏற்கெனவே வீட்டிலிருந்து பிரித்திருப்பார்கள். பெற்றோர் திருந்தி அது பத்திரமாக வீடு திரும்ப முடியுமா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. என் முதல் வழக்கில் அந்தத் தாயின் மேல் தாங்க முடியாத கோபத்தோடு போனேன். ஆனால் அவள் ஒரு வாரம்கூடத் தவறாமல் சிகிச்சைக்குப் போனாள். அதையும் நீதிபதிக்குக் கொடுக்கும் அறிக்கையில் எழுதினேன். எழுதாமல் விட்டிருந்தால், உங்கள் கணவர் சொல்லும் பாவம் என்னைத்தான் சேர்ந்திருக்கும்.

சட்டப் படிப்பு தேவையில்லை. 1977இல் சியாட்டிலில் நீதிபதி டேவிட் சூகப் இதைத் தொடங்கியதே, குழந்தையைப் பற்றி ஒன்றும் தெரியாமல் அதன் வாழ்க்கையைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறதே என்ற வேதனையில்தான். குழந்தைக்காக நேரம் ஒதுக்கக்கூடிய சாதாரண மக்களைத்தான் அவர் அழைத்தார். உங்கள் பின்னணியை விசாரிப்பார்கள், சுமார் 30 மணி நேரம் பயிற்சி தருவார்கள், நீதிபதி முன் உறுதிமொழி எடுப்பீர்கள். சமூகப் பணியாளரின் கையில் பல குழந்தைகள் இருப்பார்கள். உங்களுக்கு ஒரு குழந்தை, அல்லது ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

வழக்கு விவரங்களை வெளியே சொல்லக்கூடாது. அடையாளம் தெரியாதபடி ஒன்று மட்டும் சொல்கிறேன். படிப்பில் கவனம் இல்லை என்று ஒரு பிள்ளையைப் பற்றிக் கோப்பில் எழுதியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கதைப் புத்தகம் படித்தபோதுதான் பார்த்தேன், புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோகிறது. வீடு மாறியதில் கண்ணாடி எங்கோ தொலைந்துவிட்டது. பழைய வீட்டில் இருந்தவர்களுக்குப் புது வீட்டில் கண்ணாடி இல்லை என்று தெரியாது. புது வீட்டாருக்குக் கண்ணாடி என்று ஒன்று இருந்ததே தெரியாது. நான் இரண்டு வீட்டுக்கும் போனவள், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் யோசித்துவிட்டு முடிவெடுங்கள். டெக்சஸ் சட்டப்படி இத்தகைய வழக்குக்கு ஓராண்டுக் கெடு, மிஞ்சினால் இன்னும் ஆறு மாதம். அந்தக் காலத்தில் குழந்தைக்கு வீடு மாறும், பள்ளி மாறும், பணியாளர் மாறுவார். நீங்கள் மாறக்கூடாது. முடியாது என்று தோன்றினால் இப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. ஒருமுறை ஆறு வாரம் மதுரைக்குப் போய்த் திரும்பினேன். கதவைத் திறந்ததும் குழந்தை கேட்டது, "உங்களையும் மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன்." திரும்பி வரும் தேதியை அதன் நாட்காட்டியில் வட்டமிட்டுக் காட்டிவிட்டுத்தான் போயிருந்தேன்.

அன்புடன்,
அக்கா