கத்தியின்றி அச்சுக்கலை: வண்ணம் வழியாமல் அச்சிடுவது எப்படி?

கேள்வி: சிங்கப்பூரில் வாரந்தோறும் தொடக்கநிலை 3 மாணவர்கள் 24 பேருக்கு ஓவியம் கற்பிக்கிறேன். சென்ற மாதம் வெண்டைக்காயை வண்ணத்தில் தோய்த்து அச்சிடச் சொன்னேன். பூ வடிவம் தெரியாமல் தாளெங்கும் கறையே மிஞ்சியது. செதுக்கும் கருவிகளைப் பிள்ளைகளிடம் கொடுக்கவும் தயக்கமாக உள்ளது. தண்ணீர்க் குழாய் இல்லாத வகுப்பறையில், ஒரு மணி நேரத்திற்குள் அச்சுக்கலையை ஒழுங்காகச் செய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. வெண்டைக்காயின் மேல் பழியில்லை. அதை வண்ணத்தில் தோய்த்ததுதான் சிக்கல். அச்சில் மேடான பகுதி மட்டுமே மையைத் தாங்க வேண்டும். தோய்க்கும்போது பள்ளங்களும் நிரம்பிவிடுவதால் வடிவம் மறைகிறது. வெண்டைக்காயின் கொழகொழப்பும் வண்ணத்தை மேலும் நீர்க்கச் செய்யும். தேக்கா சந்தையில் வாங்கிய காயை வகுப்புக்கு அரை மணி நேரம் முன்பே நறுக்கி, வெட்டுமுகத்தைச் சமையல் தாளில் ஒற்றி உலர்த்துங்கள். தட்டில் ஒரு மெல்லிய பஞ்சை வைத்து, அதில் வண்ணத்தை ஊறவிட்டு, காயை அதன்மேல் ஒருமுறை ஒற்றியெடுத்தாலே போதும்.

ஆனாலும், காய்கறி அச்சோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. அதில் வடிவத்தைக் காய் தருகிறது. பிள்ளை வரைவதற்கு ஒன்றுமில்லை. தங்கள் வகுப்புக்கு நுரைப்பலகை அச்சு பொருந்தும். பேரங்காடியில் பழம் வைத்து விற்கும் நுரைத்தட்டின் ஓரங்களை வெட்டியெறிந்தால் தட்டையான துண்டு கிடைக்கும் (பச்சை இறைச்சி இருந்த தட்டு வேண்டாம்). பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் கலைப்பொருள் விற்கும் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். மாணவர் ஒருவருக்கு 10 சென்டிமீட்டர் சதுரம் தாராளம். மழுங்கிய பென்சிலால் அழுத்தி வரைந்தால் கோடு பள்ளமாகிறது, கத்தியே தேவையில்லை. நுரை கிழியாமலும், விரலால் தடவினால் பள்ளம் தெரியும்படியும் அழுத்த வேண்டும்.

அடுத்தது மை. போஸ்டர் வண்ணம் மலிவு என்றாலும் குளிர்சாதன அறையில் மை பூசும் உருளையிலேயே காய்ந்துவிடும். நீரில் கரையும் அச்சு மை ஒரு குழாய் வாங்குவதே நலம். பிளாஸ்டிக் தகட்டின் மீது அரைத் தேக்கரண்டி மையை இட்டு, உருளையை நெடுக்காகவும் குறுக்காகவும் உருட்டுங்கள். மை மெல்லியதாகப் பரவியதும் உருளை சரசரவென்று ஒட்டி எழும் ஓசை கேட்கும். அந்த ஓசை வந்த பிறகே உருளையை நுரையின் மேல் உருட்டி மை பூச வேண்டும். ஓசையின்றி உருளை வழுக்கினால் மை அதிகம் என்று பொருள். பிள்ளைகள் இந்த ஓசையை விரைவில் பிடித்துக்கொள்வார்கள், எனக்குத்தான் பல ஆண்டுகள் ஆயின.

தடித்த ஓவியத் தாள் உயர்வானது என்று எண்ணி வாங்கிவிட வேண்டாம். கையால் தேய்த்து அச்சிடுவதற்குச் சாதாரண 80 கிராம் ஒளிநகல் தாளே மையை எளிதில் வாங்கும். மை பூசிய நுரையின் மீது தாளை வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் கரண்டியின் முதுகால் தேய்த்து, ஒரு மூலையைப் பிடித்து மெதுவாக உரித்தெடுக்க வேண்டும்.

அச்சில் எல்லாம் இடவலம் மாறும். தம் பெயரை எழுதிய பிள்ளை அது தலைகீழாய்ப் போனதாக முறையிடும் முன், 'ப'வையும் 'க'வையும் பலகையில் எழுதி, கண்ணாடியில் காட்டுங்கள்: 'ப' மாறாது, 'க' மாறிவிடும். பெயர் வேண்டுமென்றால் மெல்லிய தாளில் எழுதி, அதைத் திருப்பி நுரைமேல் வைத்து, தெரியும் கோடுகளின் மேல் அழுத்தி வரையலாம். முதல் வகுப்பில் புள்ளிக்கோலம் வரையச் சொல்வது இன்னும் எளிது. இருபுறமும் ஒத்த கோலத்திற்கு இடவலம் மாறினாலும் குறையில்லை.

தொடக்கத்தில் ஐந்து நிமிடம், புக்கிட் ஹோ சுவீயில் 1961இல் நேர்ந்த தீ விபத்தை வைத்து சிங்கப்பூர் ஓவியர் லிம் இயூ குவான் 1966இல் உருவாக்கிய மரச்செதுக்கு அச்சைத் திரையில் காட்டுங்கள். செதுக்கிய இடம் வெள்ளையாகவும் விட்ட இடம் கறுப்பாகவும் வருவதை அதைவிடத் தெளிவாக விளக்குவது கடினம்.

அதன்பின் 20 நிமிடம் வரைவதற்கு, 25 நிமிடம் அச்சிடுவதற்கு, எஞ்சியது துப்புரவுக்கு. எல்லா மேசையிலும் மை வைக்காதீர்கள். சுவரோரமாக நான்கு இடங்கள் மட்டும் போதும், ஆறு ஆறு பேராக வரட்டும். ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று அச்சுப்படிகள் எடுக்க நேரம் விடுங்கள். முதல் படி பெரும்பாலும் மங்கலாகவே வரும். மூன்றாவதுதான் பார்க்கும்படி இருக்கும். ஒரே படியோடு நிறுத்தினால் பிள்ளை தனக்கு வரவில்லை என்று முடிவுகட்டிவிடும். நல்ல படிகளின் கீழ் பென்சிலால் இடப்பக்கம் 1/3, 2/3 (மூன்றில் முதலாவது, மூன்றில் இரண்டாவது) என எண்ணும் வலப்பக்கம் கையெழுத்தும் இடச் சொல்லலாம். அச்சுக் கலைஞர்களின் வழக்கமும் அதுவே.

படிகளை அடுக்கி வைக்காமல் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். டிசம்பர் மழைக்கால ஈரத்தில் அவை உலர மறுநாள்கூட ஆகலாம் என்பதால் அன்றே வீட்டிற்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். குழாய் இல்லாத குறைக்கு ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணிகளும் ஈடு செய்யும்: கைகளைத் துணியால் துடைத்துவிட்டு, உருளைகளை மட்டும் வாளியில் போட்டுவிடுங்கள், வகுப்பு முடிந்தபின் கழுவிக்கொள்ளலாம்.